ஐந்து மைக்ரான்

பழைய குப்பியில் பத்து அமுக்கு அமுக்கினால் கால் மணி நேரத்தில் பொன்னழகுக்கு மூச்சு வந்துவிடும். புதிய குப்பியில் ஐம்பது அமுக்கு அமுக்கியாயிற்று, வரவில்லை. மருந்து அதே மருந்து. ரப்பர் பந்து அதே பந்து. குப்பியும் அச்சு அசலாக அதே குப்பிதான், கண்ணாடி மட்டும் புதிது. கருத்தையா அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்கே கோளாறு என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அந்தக் குப்பி கோழிமுட்டை அளவுதான் இருக்கும். அடியில் பத்துச் சொட்டு மருந்து விடவேண்டும். உள்ளே இரண்டு மெல்லிய கண்ணாடிக் குழல்கள். ஒன்று பந்திலிருந்து காற்றைக் கொண்டுவருவது. மற்றொன்றின் ஒரு முனை மருந்துக்குள் முழுகியிருக்கும், மறுமுனை காற்றுக்குழலின் வாய்க்குக் குறுக்கே நிற்கும். பந்தை அமுக்கினால் காற்று அந்த முனையை உரசிக்கொண்டு சீறும். சீறும் காற்று மருந்தை மேலே உறிஞ்சி, முனையிலேயே உடைத்துப் புகை போலத் தெறிக்கவிடும். அந்தப் புகையை வாயில் வைத்து இழுத்தால் மருந்து நெஞ்சுக்குள் இறங்கி, இறுகிக் கிடக்கும் மூச்சுக்குழாய்களைத் தளர்த்தும். இவ்வளவுதான் அதன் வேலை.

"என்ன, எறங்குதா?" என்று கேட்டான்.

பொன்னழகு கட்டிலின் விளிம்பில் முன்னால் குனிந்து, முழங்கால்களில் கையூன்றி உட்கார்ந்திருந்தாள். இழுப்பு வந்துவிட்டால் அவளுக்கு அப்படித்தான் உட்கார முடியும். "வாய்க்குள்ள வருது. கசக்குது. அதுக்கு அங்குட்டுப் போகல." ஒரு மூச்சு பிடித்துக்கொண்டாள். "கல்யாணத்துல பன்னீர் தெளிப்பாகளே... அது மாதிரி இருக்கு. மூஞ்சி கழுவிக்கலாம்."

"உசுரு தொண்டைக்குழியில நிக்கிது, இவளுக்குக் கேலியப் பாரு" என்றாள் அவனுடைய அக்கா சின்னக்கண்ணு. தம்பி பெண்டாட்டிக்கு முடியவில்லை என்று வந்தவள், இரண்டு வாரமாக மானகிரியிலேயே தங்கிவிட்டாள். "வண்டியக் கட்டச் சொல்லு தம்பி. ஊசியப் போட்டுக் கூட்டியாருவோம்."

அந்த வாரத்தில் அது நான்காவது ஊசி.

பொன்னழகு ஆறு வருஷம் புதுவயலில் ஓர் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போனாள். நிலம் இருந்தும் மூன்று வருஷம் மழை பொய்த்ததில் வீட்டில் எல்லோரும் எதையாவது செய்யவேண்டியிருந்தது. ஐந்தாவது வருஷம் இருமல் வந்தது. ஆறாவது வருஷம் இழுப்பு வந்தது. ஆலையை விட்டு நின்றாள், இழுப்பு நிற்கவில்லை. காரைக்குடியில் ஆறு கட்டில் போட்டு ஆஸ்பத்திரி நடத்திவந்த டாக்டர் செம்மலைதான் அந்தக் குப்பியைக் கொடுத்தார். கீழச்சிவல்பட்டியில் ஒரு ஆச்சிக்காக மகன் பினாங்கிலிருந்து வாங்கிவந்தது. ஆச்சி போன பிறகு டாக்டரிடம் வந்து சேர்ந்தது. அதை வைத்துப் பொன்னழகு இரண்டு வருஷம் ஓட்டினாள்.

உடைத்தது கருத்தையா.

காரைக்குடியில் ஒரு கல்லூரியின் பௌதிகப் பிரிவில் அவன் ஆய்வக உதவியாளன். பதினான்கு வருஷத்தில் ஒரு கண்ணாடிச் சாமானை உடைத்தவன் இல்லை. மானகிரிக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் கழுவிக் கழுவிக் குப்பிக்குள் வெள்ளையாகப் படிந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். ஆய்வகத்தில் வேலை பார்ப்பவனுக்குப் படிவு பிடித்த கண்ணாடியைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஒரு ஜனவரி மாதக் காலையில் கல்லூரிக்கு எடுத்துப்போய், ரசாயனப் பிரிவில் அமிலம் வாங்கி ஊறப்போட்டு, பளிங்கு போலக் கழுவினான். கடைசி அலசலில் அது இரும்புக் குழாயின் மூக்கில் தொட்டது. மோதக்கூட இல்லை, தொட்டது. 'டிக்' என்று ஒரு சத்தம்.

டாக்டர் சென்னைக்கு எழுதிப்போட்டார். வெளிநாட்டுச் சரக்கு, இறக்குமதி நின்றுபோயிருக்கிறது, ஜூன் மாதம் வந்தால் உண்டு என்று பதில் வந்தது. அதுவரை ஊசிதான். ஊசி போட்டால் இதயம் குதிரை மாதிரி ஓடும். "ரொம்ப நாளைக்கு இப்படிப் போட முடியாதப்பா" என்றார் டாக்டர். எத்தனை நாளைக்கு முடியும் என்று அவர் சொல்லவில்லை. கருத்தையாவும் கேட்கவில்லை.

உடைந்த துண்டுகளைப் பொறுக்கி ஒரு தகர டப்பாவில் போட்டுக்கொண்டு குழந்தைவேலுவிடம் போனான். பள்ளிக்கூடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் சோதனைக்குழாய், வடிகுழாய், பாரமானிக் குழல் எல்லாம் ஊதிக்கொடுப்பவர் அவர். சுடரில் கண்ணாடியைக் காட்டி இழுத்தால் தலைமுடி மாதிரி இழுப்பார், அதற்குள்ளும் துளை இருக்கும். துண்டுகளைப் பார்த்து நான்கே நாளில் புதுக் குப்பி செய்துவிட்டார். அதுதான் வேலை செய்யாத குப்பி.

"நான் ஊதுனதுல குத்தமா?" என்று கேட்டார் குழந்தைவேலு. "வெளிநாட்டுக்காரன் செஞ்சத விட என்னுது சுத்தமா இருக்கு தம்பி. வேணும்னா பூதக்கண்ணாடி வச்சுப் பாரு. மயிரிழை வித்தியாசம் காட்டு, நான் கடையச் சாத்திட்டு உங்க ஊர்ல வந்து மாடு மேய்க்கிறேன்."

"மாடு மேய்க்கிறதும் லேசுல்லண்ணே" என்றான் கருத்தையா. சிரிக்க வரவில்லை.

கோளாறு இன்ன இடத்தில் என்று காட்டியவர் டாக்டர்தான். குப்பியை வாங்கித் தன் உள்ளங்கையில் நான்கு தடவை அமுக்கிப் பார்த்தார். கை நனைந்துவிட்டது. "துளி பெருசா வருது கருத்தையா. பெரிய துளி தொண்டையிலேயே ஒட்டிக்கிரும். அவ முழுங்குறா, அவ்வளவுதான். அஞ்சு மைக்ரானுக்குக் கீழ இருக்கணும். அப்பத்தான் அடி நுரையீரல் வரைக்கும் எறங்கும். அதே மாதிரி எண்ணிக்கையும் வேணும். சின்னதா நாலு துளி போயி என்ன ஆகும்?"

மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மில்லிமீட்டரை இருநூறு துண்டாக நறுக்கினால் ஒரு துண்டு ஐந்து மைக்ரான். கண்ணுக்குத் தெரியாது. தெரியாததைச் சரிசெய்ய வேண்டுமானால் முதலில் அளக்க வேண்டும்.

கருத்தையா துறைத்தலைவரிடம் போய் நின்றான். காலையில் ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரையும் சாயங்காலம் வகுப்பு முடிந்த பிறகும் இருட்டறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம், மார்ச் மத்தியில் செய்முறைத் தேர்வு, அதற்குள் எல்லாம் பழைய இடத்தில் இருக்கவேண்டும் என்று அவர் அனுமதி கொடுத்தார். பெரிய மனசுதான்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவதையே செய்தான். கண்ணாடித் தகட்டில் விளக்கெண்ணெயை மெலிதாகப் பூசி, புகையில் காட்டி, நுண்ணோக்கியில் பார்த்தான். முப்பது, நாற்பது மைக்ரான் துளிகள் தெரிந்தன. ஆனால் மிகச் சிறிய துளிகள் தகட்டில் உட்காராமல் காற்றோடு மிதந்து போய்விடும். உட்கார்ந்த ஒன்றிரண்டும் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும். மீன் பிடிக்கிற வலையில் கண்ணி பெரிதாக இருந்தால் குளத்தில் பெரிய மீன் மட்டுமே இருப்பதாகத் தோன்றும் அல்லவா, அது போல. துளியைப் பிடித்து வைத்து அளப்பது உதவாது. பறந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். தொட்டால் கெட்டுவிடும் ஒன்றைத் தொடாமல் அளக்க ஒளியால்தான் முடியும்.

அதற்கு வழி அவன் கையிலேயே இருந்தது. வருஷா வருஷம் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு அவன் எடுத்துவைக்கும் ஒரு பரிசோதனை. லைக்கோபோடியம் என்று மஞ்சளாக ஒரு பொடி. அதைக் கண்ணாடித் தகட்டில் தூவி, தகட்டின் வழியாக ஓர் ஒளிப்புள்ளியைப் பார்த்தால், புள்ளியைச் சுற்றி வட்டம் தெரியும். மெல்லிய மேகம் மூடும்போது நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்கிறோமே, அதே சங்கதிதான். ஒளி ஒரு சிறு துகளின் ஓரத்தைத் தாண்டும்போது நேராகப் போகாமல் கொஞ்சம் விரிகிறது. துகள் எவ்வளவு சிறிதோ அவ்வளவு அதிகமாக விரிகிறது. ஆகையால் பெரிய துகளுக்குச் சின்ன வட்டம், சின்னத் துகளுக்குப் பெரிய வட்டம். வட்டத்தை அளந்தால் துகளை அளந்த மாதிரி.

ஒரு தகரப் பலகையின் நடுவில் ஊசித்துளை போட்டு, அதைச் சுற்றி மூன்று சென்டிமீட்டர் ஆரத்தில் வரிசையாகக் குட்டித் துளைகள் போட்டான். பலகைக்குப் பின்னால் சோடிய விளக்கு. முன்னால், இரு பக்கமும் திறந்த ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் குப்பியின் புகை ஓடும். பெட்டியின் வழியாகப் பார்த்துக்கொண்டே அதை முன்னும் பின்னும் நகர்த்தவேண்டும். புகையின் வட்டம் எந்தத் தூரத்தில் துளைகளின் வட்டத்தோடு ஒன்றிப் பொருந்துகிறதோ, அந்தத் தூரம்தான் விடை. ஐந்து மைக்ரான் துளி என்றால் பலகையிலிருந்து இருபத்தொரு சென்டிமீட்டரில் பொருந்தும். பெட்டி தள்ளிப் போகப் போகத் துளி பெரிது என்று அர்த்தம்.

எண்ணிக்கையை அளக்க வேறொரு வழி. வெளிச்சம் பட்டால் மின்சாரம் கொடுக்கும் செலினியம் தகடு ஒன்று ஆய்வகத்தில் இருந்தது. அதை ஒரு முள் மானியோடு இணைத்தான். புகை இல்லாதபோது முள் ஐம்பதில் நிற்கும்படி வைத்துக்கொண்டான். புகை குறுக்கே வந்தால் துளிகள் வெளிச்சத்தை மறிக்கும், முள் இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு அடர்த்தி.

முதல் குப்பி நூற்றைந்து சென்டிமீட்டரில் பொருந்தியது. இருபத்தைந்து மைக்ரான். ஐந்து மடங்கு பெரிது. முள் நாற்பதுக்கு இறங்கியது. புகை ஏராளம், அத்தனையும் தொண்டைக்கு.

அன்றைக்கு அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான். அளவு தெரிந்துவிட்டது. இனித் துளையைச் சின்னதாக்கினால் துளியும் சின்னதாகும் என்று நம்பினான். குழந்தைவேலு துளையை இன்னும் நெருக்கி இரண்டாவது குப்பி ஊதினார். அறுபத்து மூன்று சென்டிமீட்டர், பதினைந்து மைக்ரான். பொன்னழகுக்குக் கசப்பு குறைந்தது. மூச்சு வரவில்லை. மூன்றாவது குப்பி, நாற்பத்திரண்டு சென்டிமீட்டர், பத்து மைக்ரான். வரவில்லை.

பிப்ரவரி முடிந்தது. வாரத்துக்கு நான்கு ஊசி ஆறாயிற்று. கட்டிலிலிருந்து அடுப்படிக்குப் போக அவளுக்கு மூன்று இடத்தில் நிற்கவேண்டியிருந்தது. பேச்சு நாலு வார்த்தையாகச் சுருங்கியது, பிறகு இரண்டு வார்த்தையாக. இரவில் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினாள். காலையில் அவன் சைக்கிளை எடுக்கும்போது அவளுடைய விசில் போன்ற மூச்சு வாசல் வரை கேட்கும். காரைக்குடி வரைக்கும் கூடவே வருவது போலிருக்கும்.

"இதுக்கு மேல துளையச் சின்னதாக்கினா கண்ணாடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிரும்" என்று சொல்லிக்கொண்டே குழந்தைவேலு நான்காவது குப்பியை ஊதினார். ஒன்பது ஊதி எட்டு அடைத்துப்போய் ஒன்று தேறியது. அதை இருட்டறையில் வைத்துப் பார்த்தான். இருபத்தைந்து சென்டிமீட்டர். ஆறு மைக்ரான். நெருங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டே மானியைப் பார்த்தான். முள் ஐம்பதில் நின்றது. இன்னும் பத்துத் தடவை அமுக்கினான். நாற்பத்தொன்பதரை. துளி சரி, ஆனால் துளியே இல்லை. அந்தத் துளை வழியாக மருந்து ஏறுவதே பாடாக இருந்தது.

இருந்தும் வீட்டுக்கு எடுத்துப்போனான். பொன்னழகு வாங்கி வாயில் வைத்துக்கொண்டாள். அவள் அமுக்கினாள், கை ஓய்ந்ததும் சின்னக்கண்ணு அமுக்கினாள், பிறகு அவன் அமுக்கினான். இருநூறு வரை எண்ணினான். இருநூற்றுப் பத்தில் அவளுடைய உதடு நீலமாகிவிட்டதைச் சின்னக்கண்ணுதான் முதலில் பார்த்தாள்.

பக்கத்து ஆலை லாரியை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனார்கள். டாக்டர் ஊசி போட்டார், மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் விட்டார். அரை மணி கழித்து வெளியே வந்து, "இந்தத் தடவை மீண்டுட்டா" என்றார். 'இந்தத் தடவை' என்பதை அவர் அழுத்திச் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கல்லூரியிலிருந்து ஆள் வந்து போயிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் இருட்டறையைக் காலி செய்யவேண்டும்.

"லேபுக்கும் இங்குட்டும்... ஏன் அலையுறீக" என்றாள் பொன்னழகு. "உக்காருங்க. போதும்."

அவன் உட்கார்ந்தான். கல்யாணமாகிப் பதினொரு வருஷம். அவளிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஐந்து வாரமாக அவளுடைய மூச்சைப் பற்றியே யோசித்திருந்தான், அவளைப் பற்றி ஒன்றுமே யோசிக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஆறு வருஷம் அவள் வேலை பார்த்த ஆலைக்குள் அவன் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை.

"ஆலையில நீ எங்குட்டு நிப்ப?" என்று கேட்டான்.

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்" என்றாள் சின்னக்கண்ணு, விசிறிக்கொண்டே.

பொன்னழகு கண்ணை மூடி மூச்சைச் சேர்த்துக்கொண்டு, துண்டு துண்டாகச் சொன்னாள். "குழாய்ல அரிசி... வேகமா வரும். எதுக்க ஒரு பலகை. அரிசி அதுல முட்டி... கீழ விழுந்துரும். தவிட்டுத் தூசி முட்டாது. பலகைய ஒட்டி வளைஞ்சு... பின்னாடி வந்துரும். தூசியக் கூட்டுறவ பலகைக்குப் பின்னாடிதான்... நிக்கணும்."

"தூசி ஏன் முட்டாது?"

"கனமானது நேரா போவும்... முட்டிக்கும். லேசானது ஒதுங்கி... வளைஞ்சு போயிரும்." உதடு கோணிக்கொண்டு லேசாகச் சிரித்தாள். "உங்க வீட்டுல நான்... பொழைச்ச மாதிரி. கேட்டீகளா மதினி."

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றாள் சின்னக்கண்ணு. விசிறி நிற்கவில்லை. கண்ணை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கருத்தையாவின் மனதில் இருட்டறையின் மஞ்சள் வட்டம் வந்து நின்றது. முதல் குப்பியிலேயே அவன் ஒன்றைப் பார்த்திருந்தான். நடுவில் பிரகாசமாக ஒரு சின்ன வட்டம், அதைச் சுற்றி வெகு தூரத்தில், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி, மங்கலாக ஒரு பெரிய வட்டம். கண் களைத்துவிட்டது என்று நினைத்து அதைக் குறித்துக்கொள்ளவில்லை. பிரகாசமானதை மட்டும் அளந்தான். சின்ன வட்டம் பெரிய துளி. அப்படியானால் அந்தப் பெரிய வட்டம்? சின்னத் துளி. அது முதல் நாளிலிருந்தே அங்கே இருந்திருக்கிறது. எல்லாக் குப்பியும் ஐந்து மைக்ரான் துளியைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. அது பெரிய துளிகளுக்குள் கலந்து வந்தது, பெரிய துளிகள் தொண்டையை அடைத்து நனைத்தன, மருந்தில் முக்கால்வாசியை அவையே தின்றன. சின்னத் துளியை உண்டாக்கவேண்டிய அவசியமே இல்லை. பெரியதை விலக்கியிருந்தால் போதும். ஐந்து வாரமாக அவன் துளையை நெருக்கி நெருக்கி, இருந்ததையும் குறைத்திருக்கிறான்.

எழுந்தான்.

"போறீகளா" என்றாள் பொன்னழகு.

"வந்துர்றேன்."

"வரும்போது இருப்பியான்னு... கேக்காமப் போங்க. கேட்டா... நான் பதில் சொல்லணும்."

அவன் வாசல்படியில் ஒரு கணம் நின்றான். திரும்பிப் பார்த்தால் போக முடியாது என்று பட்டது. திரும்பாமல் சைக்கிளை எடுத்தான்.

குழந்தைவேலு துருத்தியை மிதித்துக்கொண்டிருந்தார். கருத்தையா மூச்சு வாங்கச் சொன்னான்: "அண்ணே, துளை பழைய மாதிரியே பெருசா இருக்கட்டும். முதல்ல ஊதுனீகளே, அந்தக் குப்பியேதான். புகை வெளிய வர்ற வாய்க்கு நேர் எதுக்க ஒரு முட்டு வேணும். கண்ணாடியில சின்னதா ஒரு உருண்டை. பெரிய துளி அதுல முட்டி மருந்துக்குள்ளயே விழுந்துரணும், சின்னது சுத்திப் போயிரணும்."

துருத்தி நின்றது. குழந்தைவேலு அலமாரிக்குப் போய், உடைந்த துண்டுகள் இருந்த தகர டப்பாவை எடுத்துவந்தார். தரையில் கொட்டி விரலால் தேடி ஒரு துண்டை எடுத்து நீட்டினார். வளைந்த கண்ணாடிச் சில்லு. அதன் உட்பக்கத்தில் ஒரு நெல்மணி அளவு கட்டி துருத்திக்கொண்டிருந்தது.

"இதையா சொல்ற?" என்றார்.

கருத்தையா அதை வாங்கிப் பார்த்தான்.

"ஊதுறப்ப கண்ணாடி சொட்டி இப்படிக் கட்டி விழும் தம்பி. கத்துக்குட்டி ஊதுனா விழும். வெளிநாட்டுக்காரன் வேலை இவ்வளவுதானான்னு நெனச்சேன். என் சாமான்ல இந்த அசிங்கம் இருக்கக்கூடாதுன்னு விட்டுட்டேன்." தரையில் கிடந்த துண்டுகளைத் திரும்ப டப்பாவில் அள்ளிப் போட்டார். "சுத்தமா இருக்கணும்னு விட்டுட்டேன்ப்பா."

திட்டுவதற்குக் கருத்தையாவிடம் ஒன்றும் இல்லை. "நான் ரெண்டு வருஷம் அந்தக் கட்டியச் சுத்தித் துணி விட்டுத் தொடச்சிருக்கேண்ணே" என்றான். "சுத்தமா இருக்கணும்னுதான் நானும் உடைச்சேன்."

முதல் குப்பியின் பக்கத்தைச் சுடரில் காட்டி இளக்கி, ஒரு மெல்லிய கண்ணாடிக் கம்பியை உள்ளே செலுத்தினார்கள். கம்பியின் நுனியில் உருண்டை. துளையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கவேண்டும் என்று இருவருக்கும் தெரியாது, உடைந்த சில்லு அதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு தூரமாக வைத்து, ஒவ்வொரு முறையும் கருத்தையா கல்லூரிக்கு ஓடி இருட்டறையில் அளந்தான். ஆறு மில்லிமீட்டரில் சின்ன வட்டம் அப்படியே இருந்தது, பெரிய துளிகள் உருண்டைக்கு முன்பே விலகிப் போய்விட்டன. ஒரு மில்லிமீட்டரில் எல்லாமே முட்டி விழுந்தது, முள் அசையவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் மூன்று மில்லிமீட்டரில் வைத்தார்கள். நடுவில் இருந்த பிரகாச வட்டம் மறைந்தது. வெளியே இருந்த மங்கல் வட்டம் கூர்மையாக, தனியாக எழுந்தது. பெட்டியை நகர்த்தி நகர்த்திப் பதினேழு சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்ததும் துளைகளோடு பொருந்தியது. முள் நாற்பத்து மூன்று.

ஆஸ்பத்திரியில் விளக்குப் போட்டிருந்தார்கள். பொன்னழகு கண்ணைத் திறக்கவில்லை. பந்தைப் பிடிக்க அவள் கையில் பலமில்லை. டாக்டர் அவளுடைய தாடையைப் பிடித்துக்கொள்ள, கருத்தையா அவள் மூச்சு இழுக்கும் நேரம் பார்த்து ஒவ்வொன்றாக அமுக்கினான். பன்னிரண்டு. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. பத்து நிமிஷத்தில் விசில் சத்தத்தின் சுருதி இறங்கியது. இருபதாவது நிமிஷத்தில் அவள் கண்ணைத் திறந்து, "கசக்கவே இல்ல, மருந்து ஊத்த மறந்துட்டீகளோன்னு நெனச்சேன்" என்றாள். நடுவில் எங்கும் நிறுத்தாமல் சொன்னாள்.

சின்னக்கண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் அவனை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். "நாலு மணி நேரம் தாங்கும். அப்புறம் திரும்ப வைக்கணும். நுரையீரல் கெட்டது கெட்டதுதான் கருத்தையா, அத எந்தக் குப்பியும் திருப்பித் தராது. இந்த அஞ்சு வாரத்துல அவ இதயம் பட்ட பாட்டையும் திருப்ப முடியாது. ஒரு வருஷமோ, ரெண்டு வருஷமோ. நான் பொய் சொல்ல மாட்டேன்."

"சரிங்க" என்றான்.

"புதுவயல்லருந்து இதே மாதிரி ஏழு பொம்பளைக எங்கிட்ட வர்றாக. குழந்தைவேலு இன்னொரு தடவை தப்பா ஊதிரக்கூடாது. எப்படிச் செய்யணும்னு ஒரு காயிதத்துல எழுதிக் கொடுத்துரு."

கருத்தையா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தான். உள்ளே அவள் மூச்சு சத்தமில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது. நாலு மணி நேரத்தில் இருபத்தைந்து நிமிஷம் கழிந்திருந்தது. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினான்:

காற்றுத் துளையைச் சின்னதாக்க வேண்டாம். முக்கால் மில்லிமீட்டர் இருக்கட்டும். புகை வரும் வாய்க்கு நேர் எதிரே, மூன்று மில்லிமீட்டர் தள்ளி, ஒரு நெல்மணி அளவு கண்ணாடி உருண்டை வைக்கவும். பெரிய துளி அதில் முட்டி மருந்துக்குள் விழுந்துவிடும். நான்கு மைக்ரான் துளி சுற்றிக்கொண்டு வெளியே வரும்.